நாலு பல் தடம்

மேஜையில் இரண்டு துப்பாக்கிகள் கிடந்தன. இரண்டும் ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடும் இருபத்திரண்டு காலிபர் ரகம். அணில் சுடுவதற்காக இந்த மலையில் எல்லா வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் சாய்ந்திருக்குமே, அந்த ஜாதி. செய்தவன் பேர் இல்லை, நம்பர் இல்லை, இரும்பில் ஒரு எழுத்துகூட இல்லை.

"வாங்கண்ணே" என்றான் கிளேட்டன். ஷெரிஃப் ஆபீஸில் பிடிபட்ட திருட்டுச் சாமான்களுக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு. "இந்த ஃபாரத்துல நான் என்னத்த எழுத? கொஞ்சம் மரம், கொஞ்சம் இரும்புன்னா? நீங்க வெளியூர்க்காரர்தான், ஆனா இத வாசிக்கத் தெரிஞ்சவர் இங்க வேற யாரு?"

நான் கென்டக்கிக்கு வந்து, இந்த ஊரில் துப்பாக்கி ரிப்பேர் கடை போட்டு இருபத்தாறு வருஷம் ஆகிறது. இன்னும் வெளியூர்க்காரன்தான்.

"வெர்லீ கிழவி வருது. செத்துப்போன புருஷன் ஆர்லஸோட துப்பாக்கி இதுல ஒண்ணுங்குது. இன்னொண்ணக் கேட்டு ஆளே இல்ல. யாரும் கேக்காதத அடுத்த மாசம் ரம்பத்துல குடுத்து அறுத்துப் போட்டுருவோம்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டுக்கு முன்னால் இந்தச் சின்னத் துப்பாக்கிகளுக்கு நம்பர் போடவேண்டும் என்று சட்டம் கிடையாது. தபாலில் விற்ற கம்பெனிகள் ஏதோ ஒரு தொழிற்சாலையில் மொத்தமாக வாங்கி, பேர் போடாமலே அனுப்பிவிடும். பேர் இல்லாததை உடம்பை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். குழாயை மரக்கட்டையோடு பிடித்திருக்கும் திருகின் தலை, பின்னால் இழுக்கும் குமிழில் ஓடும் வரிகள், ஊசி தோட்டாவின் விளிம்பில் எந்த இடத்தில் கொத்துகிறது என்பது. இவை இரண்டும் ஒரே தொழிற்சாலைப் பிள்ளைகள். ஒரு வருஷம் முன்னே பின்னே பிறந்திருக்கலாம்.

முதலாவது யாருடையது என்று தெரியவில்லை. கட்டையெல்லாம் அடிபட்டுக் கிடந்தது. இரண்டாவதைத் திறந்ததும் நின்றுவிட்டேன். சுட்ட தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கி தொழிற்சாலையில் செய்தது இல்லை, கையால் அராவியது. அரம் கொஞ்சம் இடப்பக்கம் சரிந்து போயிருந்தது. அப்படிச் சரிப்பது என் கைதான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆர்லஸ் அந்தக் கொக்கி உடைந்து போய்த்தான் கொண்டுவந்தார். கொக்கியைச் செய்து முடித்தபோது கட்டையில் சின்னச் சின்னப் பள்ளங்களைப் பார்த்தேன். நாய் கடித்தது என்று நினைத்தேன். ஈரத்துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஆவியில் மரம் உப்பி மேலே வந்துவிடும். அப்படியே செய்து, தேய்த்து எண்ணெய் போட்டேன். கண்ணாடி மாதிரி இருந்தது. திரும்ப வாங்கிப்போக வந்த ஆர்லஸ் கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவினார்.

"இங்க ஏதோ இருந்துச்சே."

"நாய்ப்பல்லு மாதிரி பள்ளம் இருந்துச்சுண்ணே. எடுத்துட்டேன். அதுக்குக் காசு வேணாம்."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம் கடைப்பக்கம் வரவேயில்லை. இங்கே யாரும் எதையும் சும்மா வாங்க மாட்டார்கள். காசு வேண்டாம் என்றால் மறுநாளே ஒரு ஜாடி ஊறுகாய் பீன்ஸோ சோளமாவோ வாசற்படியில் இருக்கும். ஆர்லஸிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மரியாதை தெரியாத ஆள் என்று ஒன்பது வருஷமாக மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

வெர்லீ வந்தாள். கையில் காகிதப் பை. கண்ணில் புரை, கிளேட்டனின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

"என்னம்மா அடையாளம்?" என்று அவன் பேனாவைத் திறந்தான்.

"பல்லுத் தடம்" என்றாள். "அடிக்கட்டையில. எங்க டெல்லா கடிச்சது. அவரு தோட்டா எடுத்துட்டுத் தரையில வெச்சுத் தொடச்சிட்டு இருப்பாரு, இவ தவழ்ந்து வந்து மரத்தக் கடிப்பா. மேல ரெண்டு, கீழ ரெண்டு, அவ்ளோதான் மொளச்சிருந்துச்சு. பதினாலு மாசத்துல நெஞ்சுச்சளி கட்டிப் போயிட்டா. போட்டோ எடுக்க எங்களுக்கு அப்ப எங்க வசதி."

கிளேட்டன் எழுதுவதை நிறுத்தினான்.

"ரிப்பேர் ஆகி வந்ததுக்கு அப்புறம் அவரு அத என் கண்ணுல காட்டவே இல்ல, தம்பி. உறையில போட்டுக் கொட்டகைப் பரண்ல ஏத்திட்டாரு. பூச்சி அரிக்கும், உறையப் பிரிக்காதேன்னு சாகுற வரைக்கும் சொன்னாரு. அங்கருந்துதான் திருட்டுப் போச்சு."

ஆர்லஸ் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் இருக்கவேண்டும் என்று என் தப்பைத் தன் பரணில் தூக்கி வைத்திருக்கிறார்.

அவள் இரண்டு கட்டைகளையும் தடவினாள். நான் ரிப்பேர் செய்ததில் விரல் வழுக்கிக்கொண்டு போனது. மற்றதில் வலப்பக்கம் ஏதோ குழிகள். வண்டியில் சங்கிலி உரசியதாக இருக்கலாம். விரல் அங்கே நின்றது.

"இடதுபக்கம்னு எனக்கு நெனப்பு" என்று முனகினாள். "அறுவது வருஷம் ஆச்சே. நீங்கதான ரிப்பேர் பண்ணது? சொல்லுங்க தம்பி, இதுதான?"

கிளேட்டனும் என்னைப் பார்த்தான். அராவிய கொக்கியைக் காட்டியிருக்கலாம். ஆனால் அதைக் காட்டினால், பல் தடம் எங்கே என்று கேட்பாள்.

"இதுதான் அக்கா" என்றேன்.

கிளேட்டன் எழுதினான். அவள் குழிகளிலிருந்து விரலை எடுக்காமலே பையை என் பக்கம் தள்ளினாள். "ஊறுகாய் பீன்ஸ். ஒடம்புக்கு முடியாம போனப்போ சொன்னாரு, அந்த வெளியூர்க்காரருக்கு நாம ஒண்ணும் குடுக்கலன்னு."

குழி விழுந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, அவளை வண்டிவரை கூட்டிப்போக கிளேட்டன் எழுந்தான். அறையில் நானும், இனி ரம்பத்துக்குப் போகிற ஆர்லஸின் துப்பாக்கியும்தான். என்னத்துக்கென்று தெரியவில்லை, அதைத் தூக்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். இடதுபக்கத்தைச் சாய்த்தபோது வெயில் பட்டது. ஆவியில் உப்பிய இடம் எண்ணெயைக் கொஞ்சம் அதிகமாகக் குடித்திருந்தது. விரலுக்குத் தெரியாது. கண்ணுக்குத்தான் தெரிந்தது. என் கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் நாலு கறுத்த புள்ளிகள். மேலே ரெண்டு, கீழே ரெண்டு.

வெளியே வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஒரு கையில் துப்பாக்கியும் மறுகையில் பையிலிருந்து எடுத்த ஜாடியுமாக நின்றேன். ஜாடி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.