ஸ்கானில் ஒன்றுமில்லை

என் மனைவி சரோஜினிதேவி என்னோடு சண்டை பிடிப்பதை நிறுத்தியபோதுதான், நான் சாகப்போகிறேன் என்று எனக்கு விளங்கியது.

கொழும்பு காலி வீதியில் நான் வந்த ஓட்டோ சடாரென்று பிரேக் போட்டதில் முன்கம்பியில் நெற்றி மோதிவிட்டது. ரத்தம்கூட வரவில்லை. வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கு நடந்தே வந்து பிளேன்டீ குடித்தேன். ஆனால் மாதங்கள் போயும் தலையிடி போகவில்லை. பேப்பரில் நாலு வரி வாசித்தால் எழுத்துகள் நீந்தின. கடற்கரைப் பக்கம் ரயில் ஊதினால் என் மண்டைக்குள் ஊதியது. கடைசியில் எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் என்னைத் தள்ளிப் படம் எடுத்தார்கள்.

ஸ்கானில் ஒன்றுமில்லை என்று டொக்டர் அம்மா சிரித்தபடி சிங்களத்தில் சொன்னார். நல்லது. ஆனால் நான் வெளியே வந்து உட்கார்ந்ததும் சரோவும் அவளுடைய தம்பி ஸ்ரீஸ்கந்தராசாவும் திரும்ப உள்ளே போனார்கள். அது எங்கள் ஆட்களின் வழக்கம். நோயாளிக்கு ஒரு கதை, வீட்டு ஆட்களுக்கு இன்னொரு கதை. திரும்பி வந்த சரோவின் கண்கள் சிவந்திருந்தன.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லையாம். ஏசி கண்ணுக்குள்ள அடிக்குது."

இந்த ஒண்டுமில்லையை எனக்கு நன்றாகத் தெரியும். என் அண்ணருக்கு வயிற்றில் புற்றுநோய் முற்றிக் கிடந்தபோது, "ஒண்டுமில்லை, வெறும் காஸ்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னவள் இதே சரோதான். மனுசன் கடைசிவரை ஓமத் தண்ணீர் குடித்தார். பொய் சொல்வதில் அவளை வெல்ல வெள்ளவத்தையில் ஆள் இல்லை.

அன்றிலிருந்து வீடு மாறிவிட்டது. திரைச்சீலைகள் மூடியே கிடந்தன. டிவி ஊமையாகிவிட்டது. ஈரத் துவாயைக் கட்டிலில் எறிந்தேன்; ஒரு சொல் சொல்லாமல் எடுத்துக் காயப்போட்டாள். பேலியகொடை மீன் சந்தையிலிருந்து சதைப்பிடிப்பான நண்டு வந்தது. டொரண்டோவில் இருக்கும் மகன் மிதுஷனுக்கு தீபாவளிக்குத்தான் என் ஞாபகம் வரும். இப்போது தினமும் கோல் எடுத்தான். எல்லாவற்றுக்கும் மேலே, ஸ்ரீ. சரோவின் சீதனக் காணிக்கும் தன் காணிக்கும் நடுவிலுள்ள வேலிக்காக என்மேல் வழக்குப் போடுவேன் என்று துள்ளிக்கொண்டு திரிந்தவன், ஹெவ்லொக் டவுனிலிருந்து திராட்சையோடு வந்தான். வேலியைப் பற்றி மூச்சு விடாமல் திரும்பிப் போனான்.

எனக்குப் பயம் பிடித்தது. அதைவிடக் கோபம். சாகப்போகிறவன் நான். என் சாவை எனக்குச் சொல்லாமல் இவர்கள் எல்லாரும் பொத்தி வைத்திருக்கிறார்களே!

ஒரு வெள்ளிக்கிழமை, சோதித்துப் பார்ப்பது என்று துணிந்தேன். வெள்ளிக்கிழமையில் எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட வராது. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கி, மூலைக்கடையில் மட்டன் ரோல்ஸ் வாங்கிவந்து, சாமிப்படங்களுக்கு நேர் முன்னால் கதிரையைப் போட்டுத் தின்னத் தொடங்கினேன்.

சரோ குசினியிலிருந்து வந்தாள். ரோல்ஸைப் பார்த்தாள். முருகனைப் பார்த்தாள்.

"சோஸ் வேணுமே?" என்றாள் மெதுவாக.

என் முடிவு இவ்வளவு கிட்டவா வந்துவிட்டது?

"சரோ, எனக்கு இன்னும் எவ்வளவு காலம்? மறைக்காமல் சொல்லு."

அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? டொக்டர் தம்பியோட சிங்களத்தில கடகடவெண்டு கதைச்சா. எனக்கு மீன் வாங்கிற சிங்களம்தானே தெரியும். சத்தம் போடாதை, சண்டை பிடிக்காதை, லைட்டைக் குறை எண்டு அவன் வந்து சொன்னான். மிச்சத்தை எனக்கு மறைக்கிறான். நீங்களும் அவனோட சேர்ந்துதான் மறைக்கிறியள் எண்டு நான் நினைச்சன்." சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதாள். இத்தனை நாளும் அவளும் தனியாகத்தான் பயந்திருக்கிறாள். எனக்குத் தாங்க முடியவில்லை.

ஸ்ரீக்குக் கோல் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஒண்டுமில்லை அத்தான்" என்றான் எடுத்த எடுப்பில். நானும் சரோவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"உந்த மாதிரி அடி ஸ்கான் படத்தில தெரியாதாம். மூளை குலுங்கினதாலதான் இந்தக் கரைச்சலாம். வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைச்சு, கொஞ்சம் கொஞ்சமா நடந்து திரிஞ்சா மெல்ல மெல்ல மாறுமாம். நானும் நம்பாமல் திருப்பித் திருப்பிக் கேட்டனான். கடைசியில டொக்டர் என்னை ஏசிப்போட்டா."

"அப்ப ஏன்ரா வேலிக்கதை கதைக்கேல்லை?"



"உங்களுக்குக் கோபம் வரக்கூடாது எண்டு டொக்டர் சொன்னவ. முதல்ல சுகமாகுங்கோ அத்தான். வாற வருசம் கோட்டில பாப்பம். நான் லோயரையும் பிடிச்சிட்டன்."

வாற வருசம்! சாகப்போகிறவனை யாரும் கோட்டுக்குக் கூப்பிடமாட்டார்கள். பாவி, அவன் வாயால் எனக்கு உயிர் வந்தது.

சரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். அப்போதுதான் என் கையிலிருந்த பாதி ரோல்ஸ் அவளுக்கு உண்மையில் தெரிந்தது.

"வெள்ளிக்கிழமையில! முருகனுக்கு முன்னால! உங்களுக்கு அடிபட்டது மண்டையிலயோ புத்தியிலயோ?"

தொடங்கினாள். ரோல்ஸ், கட்டிலில் போட்ட ஈரத் துவாய், நான் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் தின்று தீர்த்த நண்டு, கலியாணத்தன்று என் அம்மா சொன்ன ஏதோ ஒன்று, எல்லாம் வந்தன. எதிர் ஃபிளாட்டில் கதவு திறந்த சத்தம் கேட்டது. என் தலை விண் விண்ணென்று இடித்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"என்ன, தலை இடிக்குதோ?" என்று பதறி அவள் நிறுத்தினாள்.

"இடிக்குது" என்றேன். "நீ நிப்பாட்டாதை."