வாத்துகளை அடைத்து வைத்த குளிர்காலம்

கணவன் ஜாபேஸ் இறந்த பிறகு கெஸியாவின் வீட்டில் கேட்ட சத்தமெல்லாம் வாத்துகளுடையதுதான். கிளென்மார்கன் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் லயன் வீடுகள் முடிந்து, ஓடைக்கரையில் தனியாக இருந்தது அவள் வீடு. கோயம்புத்தூரில் இருந்த மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவாள். மற்ற நாட்களில் மூக்கம்மா வருவாள். லயனில் கோழி வளர்ப்பவள். புருஷனின் மூல நோய்க்கு வாத்து முட்டை வேண்டும் என்று வந்து, இருட்டும்வரை பேசிக்கொண்டிருப்பாள்.

மார்கழியில் கேரளாவில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. கால்நடை டாக்டர் மாலதி லயனுக்கு வந்தார். பைக்காரா ஏரியில் இறங்கும் காட்டு வாத்துகளாலும் நோய் வரலாம், வாத்துகளை ஓடையில் விடாதீர்கள் என்றார். கூட்டுக்கு வலை கட்டி, உள்ளே போகத் தனிச் செருப்பு வைக்கச் சொன்னார். கோழி வளர்க்கிறவர்கள் யாரும் உள்ளே வரக் கூடாது என்றும் சொன்னார்.

கெஸியா எல்லாவற்றையும் செய்தாள். ஓடைச் சத்தம் கேட்டு வாத்துகள் வலையில் வந்து முட்டின. ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்தாள். கடைசியாக வாசல் படலை இழுத்துக் கட்டினாள்.

அன்று மாலை மூக்கம்மா வெளியிலேயே நிற்க வேண்டியதாயிற்று. கெஸியா தயங்கித் தயங்கிக் காரணத்தைச் சொன்னாள்.

"எங்கோழிக்கு ஒண்ணுமில்லையே, கெஸியா."

"தெரியுமுங்கக்கா. காட்டு வாத்து போற வரைக்குந்தான்."

"நான் என்ன நோவு கொண்டாறவளா?"

கெஸியா படலுக்கு மேலே நீட்டிய முட்டைகளை வாங்காமலே மூக்கம்மா போய்விட்டாள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும்போதும் கெஸியாவின் பக்கத்திலிருந்து வேறு வரிசைக்கு மாறிக்கொண்டாள்.

தை பிறந்து ஒருநாள் காலையில் வாத்து ஒன்று செத்துக் கிடந்தது. அந்த நோய்தான் என்றால் மிச்சமுள்ளவற்றையும் கொன்றுவிடுவார்கள். சத்தமில்லாமல் புதைத்துவிட நினைத்து கெஸியா மண்வெட்டியை எடுத்தாள். மேட்டில், தேயிலைச் செடிகளுக்கடியில் மூக்கம்மாவின் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. மண்வெட்டியை வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தாள்.

கால்நடைத் துறை ஆட்கள் உடம்பு முழுக்க மூடிய உடுப்போடு வந்து வாத்தைப் பரிசோதனைக்கு எடுத்துப் போனார்கள். அதைப் பார்த்த பிறகு அந்த வழியாக யாரும் நடக்கவில்லை. ரிசல்ட் வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று தோட்டத்து மேஸ்திரி சொல்லியனுப்பினார். கெஸியா வாத்துகளிடம் பேசிப் பார்த்தாள். தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்டது.

டாக்டரின் போன் ஒரு மத்தியானம் வந்தது. காய்ச்சல் இல்லை, முட்டை வயிற்றுக்குள் சிக்கி உடைந்ததால்தான் வாத்து செத்திருக்கிறது. மற்றவற்றை, காட்டு வாத்துகள் திரும்பிப் போகும்வரை, மாசி முடியும்வரை அடைத்தே வையுங்கள் என்றார். கெஸியா அழுதாள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

குளித்து, துணி மாற்றி லயனுக்குப் போனாள். கோழிகளை நெருங்காமல் ரோட்டிலேயே நின்றாள். மூக்கம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல் இல்லீங்கக்கா."

"அப்ப நான் வரலாமா?"

"இல்லீங்கக்கா. மாசி போகட்டும்."

மூக்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். "செத்தத நீ மறைச்சிருக்கலாமே. யாருக்குத் தெரியப்போவுது?"

"உங்க கோழி இருக்குதில்லீங்க."

மூக்கம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. கெஸியா சற்று நேரம் நின்றாள். மேட்டிலிருந்து பனிமூட்டம் இறங்கத் தொடங்கவும் திரும்பி நடந்தாள்.

"மாசி முடிஞ்சா சொல்லியனுப்பு," என்றது பின்னாலிருந்து மூக்கம்மாவின் குரல்.

கெஸியா தலையாட்டினாள். அந்தப் பனியில் அது மூக்கம்மாவுக்குத் தெரிந்திருக்குமா என்பது நிச்சயமில்லை. மாசி முடிய இன்னும் நாள் இருந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழுவிவிட்டு, வாத்துகளுக்குத் தவிடு பிசைந்தாள்.