அஃப்ராஸின் பாரைக் கூட்டம்

மேசையில் கிடந்த றீற்றாவின் போன் மின்னியது. எட்டிப் பார்த்த கிளைட்டன் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். திரை முழுக்க மஞ்சள் மீன்கள். ஒரே திசையில், ஒரே சாய்வில். மூலையில் பொடி எழுத்தில் ஒரு பெயர்: அஃப்ராஸ்.

"என்ன இது?"

"மீன்," என்றாள் அவன் மனைவி றீற்றா, காலைச் சாப்பாட்டுக்குப் பாண் துண்டுகளை வெட்டியபடி. "வடிவா இருந்துது. போட்டன்."

"நான் எடுத்த படம் ஒண்டும் உன்ட கண்ணுக்குத் தெரியல்லையா?"

"உங்கட படத்தில மீனெல்லாம் பொலிஸைக் கண்ட மாதிரி ஓடுது. இவன்ட படத்தில நிண்டு கதைக்குது. முறைக்காம சாப்பிடுங்க."

அவன் சாப்பிடவில்லை.

கல்பிட்டியில் கடலுக்குள் படமெடுக்கிறவன் என்றால் போன வருடம்வரை கிளைட்டன் ஒருவன்தான். பிறகு தில்லையடியிலிருந்து இந்த அஃப்ராஸ் வந்து சேர்ந்தான். அதுவும் எப்படி? கிளைட்டன் பழசென்று கழித்துவிட்ட கமராவையே வாங்கிக்கொண்டு! அதே கமரா, அதே கடல். ஆனால் ஊரெல்லாம் இப்போது அஃப்ராஸ், அஃப்ராஸ்.

இன்றைக்கு அதற்கு ஒரு முடிவு கட்டியாக வேண்டும். கடலடியில் வளர்ந்து நிற்கும் பவளப்பார்களைப் பற்றிப் பெரிய படப்புத்தகம் ஒன்று போடுவதற்காகக் கொழும்பிலிருந்து நிலக்ஷி வந்திருந்தாள். படகில் ஏறியதுமே பட்டென்று சொல்லிவிட்டாள்.

"ரெண்டு பேரும் இறங்குங்க. யார்ட படம் எனக்குப் பிடிக்குதோ, அதுதான் அட்டை. புத்தகத்துக்கு மிச்சப் படமும் அவர்தான்."

படகோட்டி சிவராசா, வன்னியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர், கிளைட்டனை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"என்ன கிளைட்டன், முகம் கருவாடு மாதிரிக் காஞ்சு கிடக்கு?"

"வெயில்."

"வெயில் இப்பதானே ஏறுது. உனக்கு உள்ளுக்குள்ளயே அடுப்பு எரியுது போல."

அஃப்ராஸ் சிரிக்கவில்லை. "அண்ணன், உங்கட லைட் பூட்டின இடம் லூசா இருக்கு. இறுக்கித் தரவா?"

"என்ட சாமானை நான் பாத்துக்கொள்ளுவன். நீ உன்ட வேலையைப் பாரு!"

அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் கிளைட்டன் மெல்லத் தொட்டுப் பார்த்தான். தளர்வாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிந்தது.

முதுகில் காற்றுக் கலத்தோடு இருவரும் இறங்கினார்கள்.

கிளைட்டன் பவளப்பாரின் விளிம்பு முழுக்கத் தேடினான். ஒன்றுமில்லை. திரும்பினால், தூரத்தில் அஃப்ராஸின் கை உயர்ந்திருந்தது. அவனுக்கு அப்பால் பாரை மீன்கள், வெள்ளித் தூண் ஒன்று எழுந்து நிற்பதுபோல.

அஃப்ராஸ் வந்ததிலிருந்து இருவருக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம் உண்டு. கூட்டத்தை முதலில் கண்டவன் கையை உயர்த்துவான். அந்தக் கூட்டம் அவனுடையது. அவன் எடுத்து முடிக்கும்வரை மற்றவன் தன் மூச்சுக் குமிழிகூட அந்தப் பக்கம் போகாதபடி ஒதுங்கி நிற்க வேண்டும். இந்த ஒப்பந்தத்தைக் கொண்டுவந்ததே கிளைட்டன்தான்.

ஒதுங்கி நின்றான். அஃப்ராஸ் துரத்தவில்லை, தொங்கவிட்ட திரைச்சீலை மாதிரி அசையாமல் மிதந்தான். மீன்கள் அவனை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. அட்டை போயிற்று. புத்தகம் போயிற்று. நாளைக்கு இந்தக் கரையில் 'கிளைட்டனா, அது யார்?' என்று கேட்பார்கள்!

விடுவேனா?

பாறையைச் சுற்றிக்கொண்டு நழுவினான். மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து நின்றன. அவற்றின் வால் பக்கம் அஃப்ராஸ். முன்பக்கம் யாருமில்லை. முன்னாலிருந்து பாய்ந்து, நெஞ்சு நிறைந்த மூச்சை ஒரேயடியாக ஊதிவிட்டால் போதும். கூட்டம் ஆழத்துக்குள் சிதறும். அஃப்ராஸின் கமராவுக்கு வெறும் தண்ணீர்தான் மிஞ்சும்.

பாய்ந்தான்.

இத்தனை வருடமும் மீனின் பின்னாலேயே துரத்திப் பழகியவன் அவன். முன்னால் வந்தால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியாது. பாரைகள் சிதறவில்லை. பெரிய கதவொன்று திறப்பதுபோல் இரண்டாகப் பிளந்தன. மேலும் கீழும், இரு பக்கமும் வெள்ளியாக வழிந்து, அவனைச் சுற்றி வளைந்து, அவன் முதுகுக்குப் பின்னால் மறுபடி ஒன்றாகச் சேர்ந்தன. அந்த வளையத்தின் நடுவில் அவன். எதிரே கமரா.

ஒரு மின்னல் வெட்டியது.

படகில் நிலக்ஷி அஃப்ராஸின் கமராவைக் கையில் வாங்கினாள். ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள்.

"இதுதான் அட்டை," என்றாள் கடைசியில். "நடுவில நிக்கிறது யார்? கிளைட்டனா? மீன் எப்பிடி இப்பிடி விலகிச்சு?"

அஃப்ராஸ் ஒரே ஒரு தடவை கிளைட்டனைப் பார்த்தான். எல்லாம் தெரிந்த பார்வை.

"நான்தான் மிஸ், அண்ணனை முன்னால வரச் சொன்னேன். அவர் இல்லாட்டி இந்தப் படமே இல்ல. ரெண்டு பேர்ட பேரையும் போடுங்க."

"பாத்தியே, பெடியன்ர மனசை!" என்றார் சிவராசா.

அவ்வளவுதான். கிளைட்டனுக்குள் ஏதோ அறுந்தது. படத்தைக் கொண்டுபோனான், சரி. நல்லவன் என்ற பெயரையும் இவனே அள்ளிக்கொண்டு போவதா?

"பொய்!" என்று கத்தினான். "இவன் என்னட்ட ஒண்டும் கேக்கல்ல. நான் குழப்பத்தான் போனன். கை தூக்கினது அவன், கூட்டம் அவன்ட. என்ட பேர் அதில வேண்டாம்."

படகு ஆடியது. நிலக்ஷி மறுபடி திரையைப் பார்த்தாள்.

"அப்ப இது கோபத்தில வந்த முகமா?"

"பொறாமையில."

"சரி," என்றாள் அவள், குரலில் ஈரமே இல்லாமல். "படம் அஃப்ராஸ்ட. புத்தகமும் அவர்தான்."

சிவராசா எஞ்சினை இழுத்தார். அந்த இரைச்சலின் மறைவில் அஃப்ராஸ் கிட்டே வந்தான்.

"ஏன் அண்ணன் சொன்னீங்க? நான் சமாளிச்சுட்டேன்தானே?"

"நீ எனக்குப் பிச்சை போடத் தேவையில்ல," என்றான் கிளைட்டன். பிறகு கையை நீட்டினான். "காட்டு அதை."

கமரா கைக்கு வந்தது. ஒளி சரியா? விளிம்பில் ஒரு வாலாவது வெட்டுப்பட்டிருக்கிறதா? எங்காவது கலங்கல்? திரையைப் பெருப்பித்து, மூலை மூலையாக ஒரு பிழை தேடினான்.

கரை தட்டும்வரை ஒன்றும் கிடைக்கவில்லை.