மூன்று ஸ்லைடுகள், ஒரே மூலை

எனக்கு வாய் அதிகம், பொறுமை கம்மி. இந்த லட்சணத்தில் கல் அறுக்கிற வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாகிவிட்டது. ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால் என் பட்டறை. கல்லூரிகளிலிருந்தும் ஆராய்ச்சிக் கூடங்களிலிருந்தும் பாறைத் துண்டுகள் வரும். அவற்றைச் சில்லாக அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவுகிற மட்டும் பொடி போட்டுத் தேய்த்து ஸ்லைடு செய்து கொடுப்பேன். தலைமுடியில் பாதிப் பருமன்கூட இருக்காது. நாலு தேய்ப்பு கூடிப்போனால் கல்லே காணாமல் போய்விடும்.

அன்று காலை ஒன்பது மணிக்குக் கீர்த்தனாவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. செங்கல்பட்டுக்கு மேற்கே நெல் போடுகிற குடும்பத்துப் பெண். அவள் ஊருக்குப் பக்கத்தில் வட்டேரி என்று ஓர் ஏரி. அது எப்போதோ விண்கல் விழுந்து உண்டான பள்ளம் என்று நிரூபிக்க ஆறு வருஷமாக வெயிலில் அலைகிறாள். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். இவளோ ஏரிக்கரையில் எவன் கிணறு வெட்டினாலும் ஓடிப்போய்க் கல் பொறுக்குகிறாள்.

“அக்கா, இன்னைக்கு 11.15க்கு மாமல்லபுரம் மாநாட்டுல என் பேப்பர். இத்தனை மாசம் யார்கிட்டயும் மூச்சு விடல. உங்க ஸ்லைடுலதான் கிடைச்சுது. நீங்க பாக்கணும்” என்று எழுதி மூன்று படங்களை அனுப்பியிருந்தாள். ஒவ்வொன்றும் முழு ஸ்லைடின் படம். கல்லுக்குள் அவள் கண்டுபிடித்த பொடிப் படிக மணியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்திலேயே அந்த மணியைப் பெரிதாக்கிக் காட்டியிருந்தாள். குவார்ட்ஸ் மணிக்குள் சன்னமான கோடுகள், ஒன்றுக்கொன்று இணையாக, இரண்டு மூன்று திசைகளில் ஓடின.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தக் கோடுகளைப் பற்றி அவள் எத்தனையோ தடவை என் பட்டறையில் உட்கார்ந்து டீ ஆறிப்போகிற வரைக்கும் பேசியிருக்கிறாள். குவாரியில் வெடி வைத்தால் அவை வராது. பூகம்பத்தில் வராது, எரிமலையிலும் வராது. மலையளவு விண்கல் வந்து மோதினால்தான் வரும். கண்ணிமைக்கிற நேரத்துக்குள் ஓர் அதிர்ச்சி அலை பாறைக்குள் பாய்கிறது. அழுத்தம் நம்மைச் சுற்றியிருக்கிற காற்றழுத்தத்தைப் போல லட்சம் மடங்குக்கும் மேல். நின்று உருகக்கூட அவகாசமில்லாமல் படிகத்தின் அடுக்குகள் வரிவரியாகக் குலைந்து கண்ணாடியாகிவிடும். பள்ளம் மழையில் கரைந்து தூர்ந்து போனாலும் மணிக்குள் அந்தத் தடம் கிடக்கும். அது கிடைத்துவிட்டால் அப்புறம் எவனும் வாய் திறக்க முடியாது என்பாள்.

படத்தை மறுபடி பார்த்தேன். முதல் ஸ்லைடில் சிவப்பு வட்டம் வலது கீழ்மூலையில் இருந்தது. இரண்டாவதிலும் வலது கீழ்மூலை. மூன்றாவதிலும் அதே மூலை. எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கல்லைச் சரியான பருமனுக்குத் தேய்த்துவிட்டோமா என்று குவார்ட்ஸின் நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். மைக்ராஸ்கோப்பில் மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். சாம்பல் வெள்ளைக்கு வந்தால் நிறுத்த வேண்டும். சில கறுப்புப் பாறைகளில் குவார்ட்ஸே இருக்காது. அப்போது வேறு கல்லிலிருந்து பொடிசாக ஒரு குவார்ட்ஸ் துண்டை அறுத்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, இரண்டையும் சேர்த்துத் தேய்ப்போம். அளவுக்கல் என்று சொல்வேன். நான் எப்போதும் வலது கீழ்மூலையில்தான் ஒட்டுவேன். ஒட்டினால் கண்ணாடியின் பின்புறம் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்துக் கொடுக்க வேண்டும்.

வட்டேரிக் கல் எல்லாம் நொறுங்கின கல். பசையில் தோய்த்து இறுக வைத்துத்தான் அறுத்தேன். அதிலிருந்த குவார்ட்ஸ் நிறம் பார்க்க முடியாத அளவுக்குப் பொடி, அதனால் மூன்று ஸ்லைடிலும் அளவுக்கல் ஒட்டினேன். அந்த நொறுக்கலுக்கு நடுவில் அளவுக்கல்லும் ஒரு நொறுக்கலாகத்தான் தெரியும். எட்டு மாசத்துக்கு முன்னால், ஸ்லைடு செய்த அன்று, கீர்த்தனா ஐந்து தடவை போன் செய்து அவசரப்படுத்தினாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. “இந்தா, எடுத்துக்கினு போ தாயே” என்று பேப்பரில் சுற்றி அவள் கையில் திணித்தேன். புள்ளி வைத்தேனா? வைக்கவில்லை. என் கோபத்தில் கொள்ளியை வைக்க!

அதுகூடப் பரவாயில்லை. வழக்கமான அளவுக்கல் டப்பா அன்று காலி. அறுத்து மீந்த துண்டுகள் கிடக்கிற தட்டில் கைவிட்டு, குவார்ட்ஸாக ஒன்றை எடுத்தேன். இப்போது ஓடிப்போய் அந்தத் தட்டைக் கவிழ்த்தேன். துண்டு கிடைத்தது. ஒரு பக்கம் ரம்பம் பட்டு வழவழவென்று இருந்தது, மறுபக்கம் ஸ்வாதி மேடம் தன் கல்லில் எழுதி அனுப்புகிற நம்பர். ஐதராபாத்துக்காரர். மத்தியப் பிரதேசத்தில் நிஜமாகவே விண்கல் விழுந்த பள்ளத்திலிருந்து கல் எடுத்து எனக்கு அனுப்புகிறவர்.

கீர்த்தனாவுக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடியும் ஸ்விட்ச் ஆஃப். மேடை ஏறப்போகிறவள் போனை அணைத்திருக்கிறாள்.

மணி ஒன்பதே முக்கால். என் வீட்டுக்காரர் பெஞ்சமின் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“யோவ், வண்டிய எடு. மாமல்லபுரம்.”

“இன்னாத்துக்கு? நாஸ்தாகூட துன்னல நானு.”

“எடுன்னா எடு. போற வழியில சொல்றேன்.”

அந்த மீதித் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு ஏறினேன். வண்டலூர் தாண்டுவதற்குள் முழுக் கதையையும் சொல்லிவிட்டேன்.  கேளம்பாக்கத்தில் ஒரு பஸ்ஸும் தண்ணி லாரியும் மூஞ்சியோடு மூஞ்சி முட்டிக்கொண்டு நின்றன. பத்தரை. ஆரன் சத்தத்தில் எனக்கு மண்டை வெடித்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். “நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. நீ சொல்லலன்னா எவனுக்குத் தெரியப்போவுது? அந்தப் பொண்ணும் சந்தோசமா கீது. நம்ம பொழப்பும் ஓடிக்கினு கீது. நீயா போயி ஏன் வம்ப வாங்குற?”

“அந்த ஸ்வாதி மேடமும் அங்கதான்யா வருவாங்க. தன் கல்லு அவங்களுக்குத் தெரியாதா? கீர்த்தனா வேணும்னே கொண்டாந்து ஒட்டிட்டான்னுவாங்க. திருடின்னுவாங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் அவள எவனும் நம்ப மாட்டான். ஆறு வருசம்யா!”

“சரி, சொல்ற. அப்புறம் உனக்கு எவன் கல்லு அனுப்புவான்?”

முந்தானை முடிச்சை இன்னும் இறுக்கினேன். பயமாகத்தான் இருந்தது. அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, லாரிக்கும் கடைப் படிக்கும் இடையில் வண்டியைச் சாய்த்து நுழைத்தார். கோவளம் போய் ஈசிஆரில் ஏறினதும் ஆக்சிலேட்டரை முறுக்கு முறுக்கென்று முறுக்கினார். திருவிடந்தை போனதே தெரியவில்லை.

மாநாடு நடந்த ரிசார்ட்டு மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம், கடலோரம். வாசலில் இறங்கும்போது பதினொன்று பத்து. செக்யூரிட்டி என் புடவையில் ஒட்டியிருந்த பாறைப் பொடியைப் பார்த்துக் கையைக் குறுக்கே நீட்டினான்.

“கீர்த்தனா மேடத்தோட சாம்பிள் மறந்துட்டாங்க. இப்ப மேடையில கேப்பாங்க. லேட்டானா உன் பேர்தான் சொல்வேன்” என்று முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். விட்டுவிட்டான்.

ஹாலுக்கு வெளியே ஒரு மேஜையில் மைக்ராஸ்கோப் வைத்து, எல்லோரும் பார்க்கட்டும் என்று அவளுடைய மூன்று ஸ்லைடுகளையும் அடுக்கியிருந்தார்கள். பக்கத்திலேயே கீர்த்தனா. நீலப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “அக்கா! நீங்களே வந்துட்டீங்களா!”

எனக்கு அழுகை முட்டியது. “கண்ணு, அந்த மணி உன் ஏரிது இல்லடி. நான் ஒட்ன அளவுக்கல்லு. அளவு பாக்க ஸ்வாதி மேடம் கல்லுலேர்ந்து எடுத்து ஒட்டிட்டேன். பின்னால புள்ளி வைக்க மறந்துட்டேன்.”

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. “வெளையாடாதீங்கக்கா.”

“வெளையாட நேரமா இது? ஸ்லைட வை. கோட்டப் பாக்காத, மணியோட ஓரத்தப் பாரு. ஒரு பக்கம் நேரா இருக்கும். ரம்பத்துல அறுத்த பக்கம்.”

அவள் குனிந்து பார்த்தாள். ஸ்லைடை மாற்றினாள், பார்த்தாள். மூன்றாவதையும் வைத்தாள். நிமிர ரொம்ப நேரமாயிற்று. 

“மூணுலயும் நேராத்தான் இருக்கு,” என்றாள். “நான் அதை விரிசல்னு நெனச்சேன்கா. எட்டு மாசமா தெனமும் பாக்குறேன். கோட்ட மட்டுமே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.”

“தப்பு என்னுது. போயி அப்டியே சொல்லிடு. ஸ்லைடு போட்டவ முட்டாள்னு சொல்லு.”

அதற்குள் அவளுடைய கைடு திருநாவுக்கரசு சார் கதவைத் திறந்து தலையை நீட்டினார். “என்னம்மா பண்றே? பேர் கூப்பிட்டாச்சு, வா வா.” அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். நானும் பின்னாலேயே நுழைந்து கடைசி வரிசையில் நின்றுகொண்டேன்.

மேடையில் எல்லாம் இங்கிலீஷ். இருபத்திரண்டு வருஷமாக இவர்களோடு மாரடித்ததில் எனக்கு முக்கால்வாசி புரியும். அவள் திரையில் படத்தைப் போடவே இல்லை. மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, “மாநாட்டுப் புத்தகத்தில் அச்சான என் சுருக்கத்தில் இருக்கும் மூன்று மணிகளும் வட்டேரியைச் சேர்ந்தவை அல்ல. வெளியிலிருந்து கலந்துவிட்டவை. என் முடிவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்” என்றாள். திருநாவுக்கரசு சார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றார்.

முன்வரிசையில் ஸ்வாதி மேடம் எழுந்தார். கையில் மாநாட்டுப் புத்தகம், அந்தப் படம் இருக்கும் பக்கம் திறந்தபடி. “நானே கேட்க இருந்தேன். இந்த மணிகளில் லேசாகக் கருகின ஒரு பழுப்பு இருக்கிறது. என் பள்ளத்துக் கல்லில் இருக்கும் அதே பழுப்பு. இன்னும் எந்த ஆராய்ச்சியாளருக்கும் நான் கொடுக்காத கல் அது. உன் ஸ்லைடுக்குள் எப்படி வந்தது?”

 சொல்லிடும்மா, சொல்லிடு என்று எனக்குள் அடித்துக்கொண்டது.

கீர்த்தனா என் பக்கம் திரும்பவே இல்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் எனக்குக் கல் அனுப்புகிறவர்கள். என் பெயர் வந்தால் நாளைக்கே பட்டறைக்குப் பூட்டுதான். அது அவளுக்கும் தெரியும்.

“எனக்குத் தெரியவில்லை,” என்றாள்.

“தெரியவில்லையா?” ஸ்வாதி மேடத்தின் குரல் ஏறியது. “என்னிடம் இருந்த கல் தானாக நடந்து வந்து உன் ஸ்லைடில் உட்கார்ந்ததா? யார் எடுத்துக் கொடுத்தார்கள்?”

எங்கோ ஒருவர் சிரித்தார். பின்னால் இரண்டு பேர் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள். கீர்த்தனா தலையைக் குனிந்துகொண்டு, “தவறு என்னுடையது” என்றாள். திருடி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை; எல்லா மூஞ்சியிலும் அதுதான் இருந்தது.

அடிப் பாவி மகளே! எனக்காகவா இந்த அவமானத்தை விழுங்குகிறாய்? என் கால் தானாக நடந்தது. நடுவழியில் நின்று கத்தினேன்.

“அந்தப் பொண்ணு பொய் சொல்லுது! மேடம், நான் ஜெசிந்தா. ஊரப்பாக்கம். உங்க கல்ல அறுத்தது நானு. இந்தப் பொண்ணு கல்லயும் அறுத்தது நானு. உங்க கல்லுல மீந்தத எடுத்து, அளவு பாக்க இதுல ஒட்னதும் நானுதான். ஒட்டிட்டு அடையாளம் வைக்காம குடுத்துட்டேன். இந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது.”

அத்தனை பேரும் திரும்பினார்கள். தெரிந்த முகங்கள் எத்தனையோ. வேலூர்க்காரர், பாண்டிச்சேரிக்காரர், போன வாரம்கூட ஒரு மூட்டை கல் அனுப்பிய திருச்சிக்காரர். ஒருவரும் எனக்குத் தலையாட்டவில்லை.

ஸ்வாதி மேடத்துக்குத் தமிழ் தெரியாது. மேடையைப் பார்த்து, “என்ன சொல்கிறார் இவர்?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

கீர்த்தனா வேண்டாம் என்று எனக்குத் தலையை ஆட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. “அக்கா, போதும்கா. போயிடுங்க” என்று மைக்கிலேயே சொன்னாள்.

“நான் போ மாட்டேன். நான் சொன்னது அவங்களுக்குப் புரியல. நீ சொல்லு. ஒரு எழுத்து வுடாம சொல்லு.”

புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் ஆரம்பித்தாள். என் பெயரைச் சொன்னாள். ஊரப்பாக்கம் சொன்னாள். மீந்த கல்லை எடுத்தது, மூலையில் ஒட்டியது, அடையாளம் வைக்காமல் விட்டது என்று ஒவ்வொன்றாக அவள் சொல்லச் சொல்ல, வேலூர்க்காரர் தன் நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டார்.  தன்னைப் பற்றி நான் கடைசியாகச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டாள். மைக்கைக் கீழே வைக்கப்போனாள்.

“அதையும் சொல்லும்மா,” என்றேன். “அதுக்குத்தான் நான் வந்தேன்.”

மைக்கை மறுபடி வாயருகே கொண்டுபோனாள். “இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்கிறார்,” என்றாள்.