ஒன்பதாவது பார்

மழை விட்ட ஐப்பசிக் காலை. சாலிகிராமத்து ஒலிப்பதிவுக் கூடத்தின் ஒற்றை ஜன்னலில் வெயில். ஈரமான வெயில். உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டு நிற்கிற வெயில்.

இருபத்திரண்டு வருடமாக ஹெப்சிபா சினிமாப் பாட்டுகளில் சாக்ஸபோன் வாசிக்கிறாள். காதலன் மொட்டை மாடி ஏறினால் அவள்தான். வில்லன் சுருட்டுப் பற்றவைத்தாலும் அவள்தான்.

எல்லாம் எட்டு பார். நான்கு தட்டு ஒரு பார், அப்படி எட்டு. கண்ணாடி அறைக்குள் தனியாக. காதில் ஹெட்போன். பிறகு ஒரு குரல், போதும் என்று. அவள் பெட்டியை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

இது அவளுடைய ஆல்பம். அவள் பெயரில் முதல் ஜாஸ் ஆல்பம். எழுதிவைத்த ஐந்து பாட்டும் நேற்றே முடிந்தன. மிச்சம் ஒன்று. அதற்குத் தாளில் ஒன்றுமில்லை. நின்ற இடத்தில் தோன்றுவதை வாசிக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த ஆல்பமே.

பாஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசிக்கும் தேவசகாயம் அண்ணன் இன்று மாலை மகளிடம் கனடாவுக்குக் கிளம்புகிறார். இன்று விட்டால் விட்டதுதான்.

வாசித்தாள். எட்டாவது பாரில் நின்றாள்.

மறுபடி வாசித்தாள். எட்டாவது பாரில் நின்றாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பழக்க தோஷம், வேறென்ன. உதடு தானாக விலகியது, மூச்சு தானாகத் தீர்ந்தது.

மூன்றாம் முறையும் அதேதான். அவளுக்கு அழுகை வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் எட்டுக்கு அப்பால் ஒருநாளும் போனதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அங்கே தனக்கென்று ஒன்றுமே இல்லையோ என்று பயந்தாள்.

அதுவரை பாஸ் சத்தம் ஹெட்போன் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அதைக் கழற்றினாள். கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்தாள். தேவசகாயத்தின் பக்கத்தில், அவருடைய பெரிய பாஸை ஒட்டி நின்றாள்.

ஒலிப்பதிவாளர் முபாரக் பதறினான். "அக்கா, ரெண்டு சத்தமும் ஒண்ணா கலந்துடும். தப்பு வந்தா அதை மட்டும் தனியா எடுக்க முடியாது."

"எடுக்க வேணாம்ப்பா."

வாசித்தாள். ஐந்து, ஆறு, ஏழு. எட்டு வந்தது. உதடு விலகியது.

பாஸ் நிற்கவில்லை. தேவசகாயம் அவளைப் பார்க்கக்கூட இல்லை. தடித்த விரல்களால் தந்திகளின் மேல் நடந்துகொண்டே இருந்தார். தரை அதிர்ந்தது, அவள் பாதத்தில் ஏறியது. ஒரு பார் முழுக்க அவள் சும்மா நின்றாள். ஒன்பதாவது பார். அதில் அவளிடமிருந்து மூச்சு வாங்கும் சத்தம் மட்டும்.

பிறகு ஒரு சுரம். மெலிந்த சுரம். அதன் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. அப்புறம் அவளுக்கே தெரியாத ஒன்று. இதெல்லாம் இத்தனை நாள் எங்கே இருந்தது! கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை, வாசித்தாள்.

முடிந்தபோது முபாரக் பதிவை நிறுத்தினான்.

"எத்தனை பார் வந்துச்சுண்ணே?" என்றாள்.

தேவசகாயம் நெற்றியைத் துடைத்தார். "எண்ணலம்மா" என்றார்.

ஹெப்சிபாவும் எண்ணவில்லை.