கோதையாற்றில் எறியாத மாத்திரைகள்

திரைக்கு அந்தப் பக்கத்துக் குரல் தன் சபையைச் சேர்ந்த ஞானபாயுடையது என்று தெரிந்ததும் யேசுரத்தினம் போர்வையைத் தாடைவரை இழுத்துக்கொண்டார். இடது கையால்தான் இழுக்க முடிந்தது. வலது மணிக்கட்டில் ரத்தம் கசியாதிருக்க ஒரு பிளாஸ்டிக் பட்டையை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்த மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து வெளியே கொண்டுவந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நாகர்கோவிலில் எத்தனையோ ஆஸ்பத்திரி இருக்க, இவள் இங்கேதான், அதுவும் அடுத்த கட்டிலில்தானா வந்து கிடக்க வேண்டும்.

அவளுக்கு மூச்சு வாங்கி வாங்கித்தான் பேச்சு வந்தது. நர்ஸ் ரெஜிஷா பிரஷர் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மாத்திரய நிறுத்தச் சொன்னது ஆரும்மா?"

"ஆரும் சொல்லேல மக்கா. எங்க சபையில ஒரு அண்ணன் சாட்சி சொன்னாரு. அவருக்கும் நெஞ்சுவலிதான். கர்த்தர் சுகம் தந்தாருன்னு மாத்திரய எல்லாம் கோதையாத்துல கொண்டு எறிஞ்சாராம். நானும் எறிஞ்சேன்."

"அந்த ஆளு இப்ப சுகமாட்டு இருக்காரா?"

"அவருக்கு ஒரு கொறையும் இல்ல."

அந்த ஆள் போர்வைக்குள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறவர், சபையில் காணிக்கைப் பை பிடிக்கிறவர், நாலு பேர் எழுந்து நின்று வழிவிடுகிற ஆள். போன வருஷம் உபவாச ஜெபத்துக்குப் பிறகு வலி குறைந்தது உண்மை. நன்றாகத் தூங்கியதும் உண்மை. அதற்கு நன்றி சொல்லத்தான் சபையின் கன்வென்ஷன் கூட்டத்தில் மேடை ஏறினார். ஆனால் மைக்கைப் பிடித்துவிட்டால் இந்த மனுஷனுக்கு வாய் நிற்காது. முன்வரிசையில் ஒருத்தி "ஸ்தோத்திரம்" என்றாள். அது பின்வரிசைவரை பரவியது. அந்தச் சத்தத்தில் அடுத்த வார்த்தை தானாக வந்து விழுந்தது. மாத்திரையை ஆற்றில் எறிந்தேன்!

எங்கே எறிந்தார்? அன்று ராத்திரியும் மனைவி பேபி அரிசிப் பானைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்ததைச் சுவரைப் பார்த்து நின்று விழுங்கினார். யாராவது வந்துவிடுவார்கள் என்று பானைக்குள் ஒளித்து வைக்கச் சொன்னதும் அவர்தான். "ஆரெங்கிலும் ஒங்க பேச்சக் கேட்டு எறிஞ்சா என்ன செய்வியோ?" என்று பேபி கேட்டாள். எவர் எறியப்போகிறார் என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் தன் முகத்தில் தானே துப்பவேண்டும்போல இருந்தது.

"அடுத்தது ஆஞ்சியோவுக்கு நீங்கதான்" என்றாள் ரெஜிஷா. உள்ளே என்ன செய்வார்கள், நெஞ்சைக் கீறுவார்களா என்று ஞானபாய் கேட்பதற்குள் யாரோ கூப்பிட்டு அவள் போய்விட்டாள். ஞானபாய் ஜெபிக்கத் தொடங்கினாள். "யேசுரத்தினம் அண்ணனுக்குச் செய்தத எனக்கும் செய்யும் ஆண்டவரே."

பேசாமல் கிடந்திருக்கலாம். சாயங்காலம் வேறு அறைக்கு மாற்றிவிடுவார்கள். முழுக்கைச் சட்டை போட்டால் மணிக்கட்டும் தெரியாது. இத்தனையும் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் இடது கையை நீட்டித் திரையை விலக்கினார்.

"அண்ணன்! எனக்காட்டு ஜெபிக்க வந்தியளா?" அவள் முகம் ஒருகணம் மலர்ந்தது. பிறகு அவருடைய பச்சை அங்கியைப் பார்த்தாள். நெஞ்சில் ஒட்டிய வயர்களைப் பார்த்தாள். மணிக்கட்டில் பார்வை நின்றது.

"நான் எறியேல ஞானபாயி. ஒண்ணுகூட எறியேல. இன்னிக்குக் காலத்த எழும்பினப்பயும் தின்னேன்."

அவள் மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்துக் கிடந்தாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில், "ஜெபிக்கட்டா?" என்று கேட்டார்.

"ஜெபிக்கண்டாம். உள்ள என்ன நடக்கும்? உள்ளத மட்டும் சொல்லுங்க."

அவர் சொன்னார். அவள் ஒருத்திக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"மயக்க மாட்டாவ. கீறவும் மாட்டாவ. மணிக்கட்டுல ஊசி குத்துவாவ. வலிக்காதுன்னு சொல்லுவாவ, ஆனா வலிக்கும். பொறவு கொழா போறது தெரியாது. மருந்து விடும்ப ஒடம்பெல்லாம் சூடு பாயும், மூத்திரம் போனது மாதிரி இருக்கும். போவாது, பயப்படண்டாம். அடைப்புல பலூன வீக்கும்ப பழைய வலி அப்படியே வரும். கொஞ்ச நேரந்தான். அப்ப டாக்டர்ட்ட சொல்லணும். நான் வெக்கப்பட்டுட்டு சொல்லாம கெடந்தேன். நீ சொல்லணும்."

"எல்லாம் செரியாவுமா?"

ஆகும் என்று சொல்ல நாக்கு எழுந்தது. அது எழுகிற விதம் அவருக்குப் பழக்கம்தான்.

"அது எனக்குத் தெரியாது."

அவள் கண்ணோரம் நீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று.

"கைய மட்டும் இன்னா பாரு, இப்பிடி மலத்தி வைக்கணும். அசைக்கப்பிடாது" என்று அவர் தன் இடது கையை விரித்துக் காட்டினார்.

டிராலி வந்தது. ரெஜிஷாவும் இன்னொருத்தியும் அவளைத் தூக்கி மாற்றிப் படுக்கவைத்தார்கள். ஞானபாய் அவர் பக்கம் திரும்பவேயில்லை. ஆனால் அவளுடைய வலது கை போர்வைக்கு வெளியே, உள்ளங்கை மேலாக, விரிந்திருந்தது. கதவுப்படியில் டிராலி குலுங்கியபோதும் அது அப்படியே இருந்தது.