கமலவேணியின் மேற்குச் சுவர்

ஐப்பசி மழை விட்ட மறுநாள் கமலவேணி வீட்டு மேற்குச் சுவரின் வெளிப்பக்கம் சிமிட்டிப் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. பூச்சுக்குள் இருந்த செங்கல்லை விரலால் தொட்டாள். ஈர மாவாக உதிர்ந்தது. இடுப்பு உயரம் வரைக்கும் அதே கதிதான்.

இளம்பிள்ளையில், கணவன் இறந்துபோன மறுமாசமே தறிக்குழியில் இறங்கி நெய்யத் தொடங்கியவள் அவள். தறி அந்தச் சுவரை ஒட்டித்தான் இருந்தது.

கொழுந்தன் குழந்தைவேல் வந்து பார்த்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிமிட்டி பூச வைத்தவன் அவன்தான்.

"இடிச்சுப்போட்டுப் புதுசா எழுப்பிக்கலாமுங்க அண்ணி. அதுவரைக்கும் தறியைப் பிரிச்சு எங்க ஊட்டுல போட்டுக்குங்க."

தறி அங்கே போனால் தானும் அங்கேயே ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று அவளுக்குப் பட்டது.

"கெட்ட கல்லை மட்டும் மாத்திக்கறேன் தம்பி. சுவரு நிக்கட்டும்."

சூரமங்கலத்திலிருந்து கொத்தனார் கருப்பண்ணன் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"சிமிட்டி பூசினதுதானுங்க வினை. உள்ள ஏறின ஈரம் வெளிய வர வழியில்லாம கல்லைத் தின்னுபோட்டுது. ஒரு முழம் பிரிச்சுக் கட்டோணும். அது இறுகினப்புறம் தள்ளி இன்னொரு முழம். அவசரப்பட்டா மேல இருக்கறது தலைமேல வந்துருமுங்க."

"எத்தனை நாளானாலும் சரி மேஸ்திரி."

கொல்லையில் இடிந்து கிடந்த மாட்டுக்கொட்டகையின் பழைய செங்கல்லை அவளே பொறுக்கி அடுக்கினாள். குழைத்த சுண்ணாம்பைச் சுமந்தாள். மிச்சமிருந்த பூச்சை உளியால் கொத்தினாள். கை கொப்புளித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு போய்த் தறியில் உட்கார்ந்தாள்.

ஆறாம் நாள் மூலைக்கு வந்தார்கள். கருப்பண்ணன் மூன்று கல்லை உருவியதும் மேல்வரிசை தொய்ந்து காரை கொட்டியது. இரண்டு கையாலும் சுவரைத் தாங்கிக்கொண்டு கத்தினார்.

"அம்மணி! முட்டுக் கொண்டாங்க!"

தறிக்குழியிலிருந்து துள்ளி ஏறினாள். மூலையில் சாத்தியிருந்த, நெய்த துணியைச் சுருட்டும் உபரிப் படமரத்தை இழுத்துக்கொண்டு ஓடி, சுவருக்குச் சரிவாகக் கொடுத்து, அடியைக் கல்லால் அறைந்து இறுக்கினாள். தோளையும் மரத்துக்கு முட்டுக் கொடுத்து நின்றாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த குழந்தைவேல், "நான்தான் அன்னைக்கே சொன்னனே..." என்று ஆரம்பித்தான்.

"அப்புறம் பேசலாம் தம்பி. அந்தக் கல்லை எடுத்து மேஸ்திரி கையில குடுங்க."

குழந்தைவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தான். பொழுது சாய்வதற்குள் மூலை எழும்பிவிட்டது. மறுநாள் காலையில் யாரும் கூப்பிடாமலே வந்து, புதுக் கட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான்.

தை பிறப்பதற்குள் வேலை முடிந்தது. கருப்பண்ணன் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார்.

"மேல சுண்ணாம்பு பூசிரட்டுங்களா?"

"வேண்டாம் மேஸ்திரி. கல்லு தெரியட்டும். எங்க கெட்டாலும் என் கண்ணுல பட்டுரும்."

சொல்லிவிட்டு, உளியை எடுத்துக்கொண்டு வடக்குச் சுவரிலும் பூசியிருந்த சிமிட்டியைக் கொத்தப் போனாள்.